சாந்தோம் கரையில் ஒரு தத்துவஞானி

ரகுபதி நாயுடு சைதாப்பேட்டை கோர்ட்டில் குமாஸ்தா. குடியிருந்தது மயிலாப்பூரில், சாந்தோம் கடற்கரைக்குக் கூப்பிடு தூரத்தில். முப்பத்தைந்து வயதுக்கு மேல் அவருக்குத் தத்துவம் பிடித்தது. சிலருக்கு அந்த வயதில் நீரிழிவு பிடிக்கும். அது எவ்வளவோ மேல், பிடித்தவரோடு நிற்கும்.

மூர் மார்க்கெட்டில் காதர் என்பவரின் பழைய புத்தகக் கடையில், கடவுள் உண்டா, ஆத்மா என்றால் என்ன, செத்த பிறகு என்ன ஆகும் என்றெல்லாம் சுருக்கமாக விளக்கும் மலிவான இங்கிலீஷ் புத்தகங்கள் கிடைத்தன. தாள்களின் ஓரம் ஒட்டியிருக்கும். கத்தியால் கீறித்தான் பிரிக்க வேண்டும். முதலில் வாங்கியவன் கீறியிருக்க மாட்டான். ரகுபதியின் கத்தியும் எந்தப் புத்தகத்திலும் இரண்டாம் அத்தியாயத்தைத் தாண்டியதில்லை. அதற்குள்ளாகவே அவருக்கு எல்லாம் விளங்கிவிடும். விளங்கியதை யாரிடமாவது சொல்லாவிட்டால் சோறு இறங்காது.

கோர்ட்டில் சொல்ல முடியாது. ஹெட் குமாஸ்தா நெற்றி நிறைய நாமம் போட்டவர். அவர் தரும் பிரசாதத்தை ரகுபதி இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். வீட்டில் பிள்ளைகள் புத்தகத்தைக் கண்டாலே தெருவுக்கு ஓடிவிடும்; மனைவி கோமளம், "அடுப்புல கொழம்பு கீது" என்று எழுந்து போய்விடுவாள். ஆகவே சாயங்காலங்களில் குப்பத்துக்குப் போய், வலையைச் சரிசெய்துகொண்டிருக்கும் மீனவர்கள் நடுவில் உட்கார்ந்து, அவர்கள் கும்பிடும் மாதாவும் கன்னியம்மனும் இல்லவே இல்லை என்று நிரூபிப்பார். அவர்கள் மரியாதை தெரிந்தவர்கள். இவரோ கோர்ட்டு ஆள். "அப்படியா சார்" என்று கேட்டுக்கொண்டார்கள். அந்த "அப்படியா"வைத் தன் வெற்றி என்று அவர் எண்ணினார்.

ஐப்பசியில் ஒரு புயல் அடித்தது. குப்பத்து லாசரின் கட்டுமரம் திரும்பவில்லை. அவன் மனைவி முத்தம்மாதான் கோமளத்துக்கு வழக்கமாக மீன் கொண்டுவருகிறவள். விஷயம் கேட்டதும் கோமளம் கஞ்சி காய்ச்சித் தூக்கில் ஊற்றிக்கொண்டு கரைக்கு ஓடினாள். ரகுபதியும் கிளம்பினார். ஆறுதல் சொல்ல என்றார். கக்கத்தில் ஒரு புத்தகம் இருந்தது.

முத்தம்மா ஜெபமாலையோடு மணலில் உட்கார்ந்திருந்தாள். அவள் அண்ணன் லூர்துசாமி கடலையே பார்த்துக்கொண்டு நின்றான். ரகுபதி தொண்டையைக் கனைத்தார்.

"முத்தம்மா, நல்லா யோசிச்சுப் பாரு. காத்து அடிக்கிறது இயற்கை விதி. நீ மணி உருட்டுறதால காத்து நிக்குமா?"

முத்தம்மா அடுத்த மணியை உருட்டினாள்.

"போனவன் போனவன்தான். ஆத்மான்னு ஒண்ணு கிடையாது. அதைப் புரிஞ்சுக்கினா அழுகையே வராது."

கோமளம் தூக்கைக் கீழே வைத்தாள்.

"வாய மூடு" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் புருஷனை அவள் ஒருமையில் பேசியது அதுவே முதல் தடவை.

அவர் மூடியிருப்பாரோ என்னவோ, அதற்குள் அடையாற்றுப் பக்கமிருந்து ஓர் ஆள் கத்திக்கொண்டே ஓடிவந்தான்.

"லூர்து! லாசரு உசுரோட கீறான்! பாலவாக்கத்துல கரை ஒதுங்கிக் கீறான்! வண்டியில இட்டுக்கினு வராங்க!"

முத்தம்மா எழுந்திருக்கப் பார்த்து மணலில் விழுந்தாள். பெண்கள் அவளைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அழுதார்கள். கோமளமும் அழுதாள். அழுதுகொண்டே திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். ரகுபதியின் முகம் தொங்கிப்போயிருந்தது. ஒரு மனிதன் சாகாமல் போனது அவருக்கு ஏமாற்றமாக இருந்தது. அதை மறைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் காலை லாசரின் குடிசைக்கே போனார். உதடு வெடித்துப் பாயில் கிடந்தவனிடம், "கடல்ல இருந்தப்போ சாமி கும்பிட்டியா? உள்ளதைச் சொல்லு" என்று கேட்டார்.

"ஞாபகம் இல்ல சார். தாகம்தான் ஞாபகம் கீது."

அவருக்கு அது போதும். நன்றிப் பூசைக்காக மாதா கோயிலுக்குக் கிளம்பிய கூட்டத்தை வழிமறித்து, "பொழைச்சவனே கும்பிடலியாம்! நீங்க யாருக்குப் பூசை வைக்கிறீங்க?" என்று கூவினார். லூர்துசாமி வந்து அவர் முழங்கையைப் பிடித்து, குப்பத்து எல்லை வரை நடத்திக்கொண்டு போய் விட்டான்.

"இனிமே இந்தப் பக்கம் வராத நைனா."

அடிக்கவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை.

ரகுபதிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. உண்மைக்காகத் துன்பப்பட்ட மேனாட்டு ஞானிகளைப் பற்றிப் படித்திருந்தார். இப்போது அந்த வரிசையில் தனக்கும் ஓர் இடம் கிடைத்துவிட்டது. கோர்ட்டில் முதலில், பிடித்துத் தள்ளினார்கள் என்றார். வார முடிவில் அது கல்லடி ஆயிற்று. பொங்கலுக்குள் குப்பமே அரிவாளோடு துரத்தியிருந்தது. ஹெட் குமாஸ்தாவிடம் மட்டும், நம் பெருமாளின் மகிமையைக் கிறிஸ்தவர்களுக்கு எடுத்துச் சொல்லப் போய் அடிபட்டதாகச் சொன்னார்.

முத்தம்மா கோமளத்தின் தெருவுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். கோமளம் ஒருநாள் தானே கூடையை எடுத்துக்கொண்டு கரைக்கு நடந்தாள். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தாள். போய்க் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முத்தம்மா நகர்ந்து இடம் விட்டாள்.

"உக்காரும்மா. இன்னிக்கு நல்ல சங்கரா மீனு கீது. வூட்டுல எத்தினி பேருக்கு?"

"எனக்கும் புள்ளைங்களுக்கும்" என்றாள் கோமளம்.