மூடாத உப்பு வாசல்

"எங்க குடும்பத்துல யாருக்கும் பிரஷர் கிடையாது."

பிரிக்பீல்ட்ஸ் கிளினிக்கில் டாக்டர் ரமணியிடம் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். பொய்தான்.

என் தம்பி சுகுமாறன் முப்பத்தாறு வயதில் மூளை நரம்பு வெடித்துச் செத்தான். பெண் கொடுக்க, எடுக்க யாரும் தயங்கக் கூடாதென்று, மேரு சாலையில் லோரி மோதியதாக ஊருக்குச் சொன்னவன் நான். கிள்ளானில் இருபது வருடமாக அந்தக் கதை நிற்கிறது. அவன் மகள் ஷாமினி என் வீட்டில் வளர்ந்தவள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு நிச்சயம். மூன்று மருந்து கொடுத்தும் அவள் பிரஷர் நூற்றெண்பதிலிருந்து இறங்கவில்லை.

"அங்கிள், இவங்களுக்குப் பொட்டாசியமும் கம்மியா இருக்கு. சின்ன வயசுல யாராச்சும் ஸ்ட்ரோக்ல போயிருந்தா மருந்தே வேற. யோசிச்சுச் சொல்லுங்க."

பக்கத்து நாற்காலியில் இருந்த ஷாமினி என் பக்கம் திரும்பினாள். "பெரியப்பா, அந்த லோரி என்ன கலர்னு கேட்டா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொண்ணு சொல்றீங்க. போதும் லா."

அவளைப் பார்த்துச் சொன்னேன். "லோரி இல்லம்மா. ஸ்ட்ரோக். எங்கப்பாவும் அப்படித்தான், நாப்பது வயசுல."

டாக்டர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "மூணு தலைமுறை! இதத்தான் அங்கிள் கேட்டேன்!"

சிறுநீரகத்தில் உப்பை உடம்புக்குள் திரும்ப இழுக்கும் வாசல்கள் உண்டாம். ஒரு மரபணு பழுதானால் அவை மூடாமல் கிடக்கும். உப்பும் தண்ணீரும் சேர்ந்து அழுத்தம் ஏறும். அந்த வாசலையே அடைக்கும் மாத்திரையை அன்றே எழுதினார். மரபணுச் சோதனைக்கு இரத்தமும் எடுத்தார்.

ஐந்தாம் நாள் நூற்று முப்பத்திரண்டு! நம்ப முடியாமல் மூன்று முறை அளக்கச் சொன்னேன்.

ஞாயிறன்று தட்டு மாற்றுவதற்கு முன் எழுந்து நின்று, தம்பி செத்த விதத்தைச் சபையில் சொன்னேன்.

மாப்பிள்ளையின் தாய் தாமரை கேட்டார். "மருந்து இருக்குல்ல, சம்பந்தி?"

"இருக்கு. நல்லா கேக்குது."

"அப்புறம் என்ன? தட்ட மாத்துங்க, பசிக்குது."

சிரிப்பு அடங்கும் முன் என் தங்கை தனலெட்சுமி கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தாள். "அண்ணே, எனக்கும் பிரஷர்தான். பத்து வருஷமா ஒளிச்சுத்தான் சாப்பிடறேன். எது போட்டும் இறங்கல. உங்களுக்குப் பயந்து வாயத் தொறக்கல."

நான் அவளைத் திட்டவில்லை. பிரஷர் பார்க்கும் கருவியைக் கொண்டுவரச் சொல்லி, நானே அவள் கையில் பட்டையைச் சுற்றினேன்.

"லோகன்!" என்று அவள் மகனைக் கூப்பிட்டேன். "சட்டைக் கையச் சுருட்டு. அடுத்தது நீ!"