மேசையின் குளிர்முனை

யாரிட்சா கொலோன் வெல்டிங் வைத்து அடைத்த மூன்றாவது குழாய், சோதனை மேசையில் பஞ்சுறை போர்த்திப் படுத்திருந்தது. விண்கலத்துக் கேமராவின் சூட்டை வாங்கி மறுமுனையில் கொட்டுவது அதன் வேலை. உள்ளிருக்கும் திரவம் சூடான முனையில் ஆவியாகி, குளிர்முனையில் மறுபடி திரவமாகித் திரும்பி ஓடிவர வேண்டும். முதல் இரண்டிலும் வரவில்லை. கசிவுக் கருவி ஒன்றும் காட்டாதபோதும், "அதுக்கும் சிக்காத கசிவு" என்று எழுதிவிட்டார் பொறியாளர் பிரெண்ட் ஹோஸ்டெட்டர்.

இதுவும் போனால் யாரிட்சாவின் மஞ்சள் அட்டையைப் பிடுங்கி, ஆள் அனுப்பும் ஏஜென்சிக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மஞ்சள் என்றால் தற்காலிகம். லங்காஸ்டரில் எங்கள் பட்டறையில் பாதிக் கழுத்துகளில் தொங்குவது அதுதான்.

"நகத்தக் கடிக்காதடி. வெல்டிங்குக்கு விரல் வேணும்," என்றாள் பக்கத்து மேசை டோரீன்.

"வேலையே போகப்போகுது, விரல வெச்சு என்ன பண்ண?"

பிரெண்ட் வழக்கம்போல் மேசையின் குளிர்முனையில் தன் பெரிய பின்புறத்தை ஏற்றி உட்கார்ந்து, திரையைப் பார்த்தார். சூடான முனையின் வெப்பக் கோடு ஏறியது.

"வறண்டுபோச்சு. இதுவும் கசியுது."

யாரிட்சா கையுறையைக் கழற்றினாள்.

"பிரெண்ட், பூசணி வூப்பி பை! கடைசி ஒண்ணு," என்று டோரீன் கேக் டப்பாவை நீட்டினாள். அவர் எழுந்து போனார். கோடு இறங்கியது. உதட்டில் கிரீமோடு வந்து உட்கார்ந்தார். ஏறியது.

"ஒரு நிமிஷம் எந்திரிங்களேன்," என்றாள் யாரிட்சா.

"எதுக்கு?" எழுந்தார். இறங்கியது.

"இப்ப உக்காருங்க."

பட்டறையே கூடிவிட்டது. மேசைக்கு ரப்பர் கால்கள். அவர் உட்கார்ந்ததும் அந்த முனை மயிரிழை தாழ, திரவம் சூடான முனைக்குத் திரும்பாமல் அங்கேயே தேங்கிவிட்டது. விண்வெளியில் மேடு பள்ளம் இல்லை, லங்காஸ்டரில் உண்டு.

பிரெண்ட்டின் காது சிவந்தது. "அப்ப... வெல்டிங் நல்லாத்தான் இருக்கு."

"மேல இதோட நீங்களும் போகமாட்டீங்கல்ல?" என்றாள் டோரீன். "அப்ப பொழச்சுக்கும்."

யாரிட்சா சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். அன்று மாலைக்குள் பழைய இரண்டு குழாய்களும் தேறிவிட்டன. மஞ்சள் அட்டை கழுத்திலேயே இருந்தது.

மறுநாள் மேசையருகே பிரெண்ட்டுக்கு மெத்தை வைத்த சுழல்நாற்காலி வந்திருந்தது. அதற்கு மேலே சுவரில் புது அறிவிப்பு: 'வெல்டர்கள் இந்த மேசையில் சாயக் கூடாது.' அதற்கு எதிரே, மஞ்சள் அட்டையைப் பொறி படாமல் சட்டைக்குள் செருகிக்கொண்டு, யாரிட்சா நின்றபடியே நான்காவது குழாயை அடைத்துக்கொண்டிருந்தாள்.