ஏழு கோடு ஆட்டம்

காலையிலிருந்து நாலு டிரில் உடைந்துவிட்டது. நாலாவது உடைந்தபோது முதலாளி ஸ்டீபன்ராஜ் கத்தவில்லை. அதுதான் அமல்ராணிக்குப் பயமாக இருந்தது.

திண்டிவனத்தில் அவருடைய சின்னப் பட்டறையில் இருப்பது ஒரே ஒரு மில்லிங் மெஷின். அதை ஓட்டும் வேலை அவளுக்குக் கிடைத்து இரண்டு மாதம்தான் ஆகிறது. டிரில்லைக் கவ்விப் பிடிக்கும் காலெட்டுகளைப் போன வாரம் பாண்டிச்சேரிக்குப் போய்ப் பார்த்து வாங்கி வந்ததும் அவள்தான்.

“காலெட்டு கோணல்னு தெரிஞ்சா நீ திரும்பவும் பேக்கிங்குக்குப் போயிடும்மா,” என்று சொல்லிவிட்டு, கோட்டக்குப்பத்திலிருந்து மெக்கானிக் ஜகபர் சாதிக்கை வரவழைத்தார் ஸ்டீபன்ராஜ்.

பாய் ஷார்ஜாவில் பதினோரு வருடம் மெஷின் பார்த்தவர். வந்ததும் டீ கேட்டார். பிறகு, ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜின் முனையை டிரில்லின் தண்டில் வைத்து, மெஷினின் சுழல் அச்சான ஸ்பிண்டிலைக் கையால் மெல்லச் சுற்றினார். முள் ஏழு கோடு ஆடியது.

“தலமுடி கனத்துக்கு ஆடுது. டிரில்லு உடையாம இன்னா பண்ணும்?”

“பாத்தியா, காலெட்டுதான்!” என்றார் ஸ்டீபன்ராஜ்.

“ஆட்டம் இருக்குதுன்னுதான் சார் முள்ளு சொல்லுது. எவன் ஆடறான்னு சொல்லல.”

முள் உச்சத்துக்குப் போன இடத்தில், ஸ்பிண்டிலின் மேல் மார்க்கரால் ஒரு கோடு போட்டார் பாய். காலெட்டை மட்டும் கழற்றி அரைச் சுற்று திருப்பி மாட்டினார். குற்றம் காலெட்டுடையது என்றால் உச்சமும் எதிர்ப்பக்கம் போக வேண்டும். மறுபடி சுற்றினார். அமல்ராணி முள்ளைப் பார்க்காமல் பாயின் தாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உச்சம் அதே மார்க்கர் கோட்டில் நின்றது.

“காலெட்டு தங்கமாட்டம் இருக்குது. கோளாறு மேல எங்கியோ.”

“ஐயோ, ஸ்பிண்டிலா?” ஸ்டீபன்ராஜ் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

காலெட்டைத் தாங்கும் ஹோல்டரையும் இறக்கிவிட்டு, கேஜின் முனையை ஸ்பிண்டிலின் வாய்க்குள்ளேயே வைத்துச் சுற்றினார் பாய். முள் அசையாமல் இருந்து, ஒரே ஓர் இடத்தில் துள்ளியது.

“வளைஞ்சிருந்தா சுத்து பூரா ஆடும். இது இன்னாவோ ஒட்டிக்கினு கீது.”

விரலை உள்ளே விட்டு நகத்தால் சுரண்டினார். மஞ்சளாக ஏதோ வந்தது. முகர்ந்து பார்த்தார்.

“சந்தனம்!”

மூன்று நாளுக்கு முன்னால்தான் ஆயுத பூஜை நடந்தது. மெஷினின் வெளியே வைத்த பொட்டுகளையெல்லாம் அமல்ராணி மறுநாளே துடைத்துவிட்டாள். பூஜைக்குப் பிறகு மெஷினை இன்றுதான் ஓட்டினாள்; உள்ளேயும் ஒன்று இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

“உள்ள போய் எவன் வெச்சான்?”

ஸ்டீபன்ராஜ் கூரையில் ஓடும் ஃபேனை ஆராய்ந்தார்.

“எப்பவும் நம்ம பட்டறை சுப்பராயலு வெப்பாரு பாய். இந்த வாட்டி லீவு. எனக்கு இதெல்லாம் பழக்கமில்ல. கொறை வெக்கக் கூடாதேன்னு... மெஷினுக்கு வாய்தான முக்கியம்?”

“பொட்டு வெச்சத ஞாயித்துக்கெழம ஃபாதர்கிட்ட சொல்லிடுங்க சார்,” என்றார் பாய்.

“பொட்டு பரவாயில்ல பாய். எம்மேல பழி போட்டத மொதல்ல சொல்லட்டும்,” என்றாள் அமல்ராணி.

ஸ்பிண்டிலின் வாயைத் தின்னரில் நனைத்த துணியால் அவளே துடைத்தாள். ஹோல்டர், காலெட், டிரில் எல்லாவற்றையும் மாட்டிச் சுற்றினாள். முள் ஒரு கோடு முழுதாகக்கூட நகரவில்லை. மெஷினை ஓடவிட்டாள். முதல் துளை விழுந்தது. ஐந்தாவது, பத்தாவது. ஸ்டீபன்ராஜ் எழுந்து வந்து குனிந்து பார்த்தார்.

“தள்ளி நில்லுங்க சார். சீவல் தெறிக்குது.”

அவர் தள்ளி நின்றார்.