முனியாண்டிக் கம்பி

மலாயாவில் ஈப்போ பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் பெரிய கிராணி அம்பலவாணர் 1927இல் தன் கையாலேயே ஒரு ரேடியோவைக் கோத்து முடித்தார். ஏரியல் கம்பி கட்டத்தான் வழியில்லை. குடியிருப்பில் எந்தக் கம்பியும் தொங்கக்கூடாது என்பது துரையின் உத்தரவு. கோயில் காரியத்தில் மட்டும் துரை தலையிடமாட்டார்.

அதனால் முனியாண்டி கோயில் அரசமரத்திலிருந்து தன் அடுக்களை ஜன்னல்வரை செம்புக் கம்பியை இழுத்துக் கட்டினார் கிராணி. கேட்டவர்களிடம், "முனியாண்டிக்கு நேர்ந்த கம்பி. துரையே வந்தாலும் தொடக்கூடாது" என்றார், சிரிக்காமல்.

பத்து நாள் பினாங்குக் கப்பல்களின் தந்திச் சத்தம் அவர் காதில் கொட்டியது. பிறகு, பால்மரம் சீவும் ராக்காயி தன் பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கியதென்று கம்பியில் மஞ்சள் துணி முடிந்தாள். அதைப் பார்த்துத் தோட்டமே ஆளுக்கொரு துணி முடிந்தது. மழையில் நனைந்த துணிகளின் பாரம் தாங்காமல் கம்பி தொய்ந்து தகரக் கூரையில் படுத்துக்கொண்டது. ரேடியோ ஊமையாகிவிட்டது.

அந்த மாதமே துரையும் ஒரு ரேடியோ வாங்கினார்; உத்தரவு தானாகக் காணாமல் போனது. இனி யாருக்குப் பயம் என்று, கம்பியை அவிழ்த்து வேறு இடத்தில் கட்ட ஏணியோடு போனார் அம்பலவாணர். மரத்தடியில் ராக்காயி நின்றிருந்தாள்.

"தொரையே வந்தாலும் தொடக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க, கிராணியாரே. நீங்க என்ன, தொரைக்கும் மேலயா?"