தாடைக்கட்டு

பாலக்கோட்டு ஃப்ளெக்ஸ் கடைக்காரர் மூன்றாவது முறையாகக் கூப்பிட்டபோது அன்பரசி மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னால் நின்று செல்போனில் அப்பாவைத் தேடிக்கொண்டிருந்தாள். வாசலில் ஐஸ் பெட்டிக்குள் அப்பா இருந்தார். போனில்தான் இல்லை.

"மேடம், போட்டோ வந்தாத்தான் பிரிண்ட் போட முடியும். சாயந்தரம் பாடியை எடுக்கிறீங்கன்னா இப்பவே அனுப்பிடுங்க."

"அஞ்சு நிமிசம்ங்க."

ஆறு வருஷத்துப் படங்கள். மகனுக்குப் பேர் வைத்தது, முதல் பிறந்தநாள், ஒகேனக்கல் போனது, பொங்கல். எல்லாவற்றிலும் எல்லோரும் இருந்தார்கள். அப்பா இருந்ததெல்லாம் படத்தின் ஓரத்தில், மங்கலான ஒரு பெருவிரலாக. போட்டோ என்று யாராவது பேச்செடுத்தால் போதும், "குடு சாமி, நான் எடுக்கிறேன், நீங்கல்லாம் நில்லுங்க" என்று போனை வாங்கிக்கொள்வார். எடுக்கவும் தெரியாது. பாதிப் படத்தில் யாருக்கும் தலை இருக்காது, மீதிப் படத்தில் அந்த விரல் இருக்கும்.

பந்தலிலும் அதுதான் பேச்சு. "பச்சியப்பனுக்குப் போட்டோன்னா அப்படி ஒரு பயம்" என்றார் ஒருவர். "பயமில்லீங்க, கூச்சம்" என்றார் இன்னொருவர். படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று யாரோ ஜோசியர் சொல்லியிருந்ததாக மூன்றாமவர் ஒரு கதையே கட்டினார். முந்தாநாள் வரை ஆள் திடமாகத்தான் இருந்தார். நேற்றுக் காலை மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டியை இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. போட்டோவை இதில் இழுக்க வழியே இல்லை.

உண்மைக் காரணம் தெரிந்தவள் கொட்டாய்க்குப் பின்னால் நின்றிருந்தாள்.

அந்த ஊர் போர்வெல் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பல் வெள்ளையாக இருக்காது. காவியேறி, ஓரம் அரித்து, புளியங்கொட்டை நிறத்துக்கு வந்துவிடும். ஊருக்குள் அது ஒரு விஷயமே இல்லை, எல்லோருக்கும் இருப்பதை யார் பார்க்கப்போகிறார்கள்? ஓசூரில் பேங்க் வேலைக்குப் போனபிறகுதான் அன்பரசி அதைப் பார்த்தாள். ஒரு வருஷம் கையால் வாயை மறைத்துக்கொண்டே பேசினாள். பிறகு பெங்களூருக்குப் போய் முன்பல் எல்லாவற்றுக்கும் வெள்ளையாகக் கேப் என்கிற உறை போட்டுக்கொண்டாள். துணைக்கு வந்தவர் அப்பா. நாள் பூராவும் நாற்காலியில் காத்திருந்து, வெளியே வந்தவளை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, தன் காவிப் பல் அத்தனையும் தெரியச் சிரித்தார்.

அடுத்த மூன்றாம் மாதம் நிச்சயதார்த்தம். மண்டபத்தில் போட்டோக்காரர், "அப்பா, நல்லாச் சிரிங்க" என்றார். சொல்லவே வேண்டியதில்லை, அவர் காலையிலிருந்து சிரித்துக்கொண்டுதான் இருந்தார். எதிரே மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அன்பரசி அவர் காதோரம் சொன்னாள்.

"அப்பா, வாயை மூடிக்க. பல்லு அசிங்கமாத் தெரியுது."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி சாமி" என்று உதட்டை இறுக்கிக்கொண்டார். ஆல்பத்தில், யாரிடமோ திட்டு வாங்கியவர் போல நிற்கிறார். அதோடு சரி. கல்யாணத்தன்று மேடைக்குக் கூப்பிட்டபோதுகூடப் பந்தியைப் பார்க்கப் போய்விட்டார். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று அன்பரசிக்குப் பலமுறை தோன்றியது. அப்பா அதை மறந்திருப்பார் என்று ஒவ்வொரு முறையும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மறக்கவில்லை என்பதற்கு அந்தப் பெருவிரல் ஒன்று போதும்.

"பாப்பா, படம் தேடுறியா?"

ராஜப்பன். மார்க்கெட்டில் அப்பாவோடு இருபது வருஷம் டீ குடித்தவர். "எங்கிட்ட ஒண்ணு இருக்குது. பழசு. உனக்குக் கல்யாணம் ஆவறதுக்கு முந்தி எடுத்தது" என்று போனை நீட்டினார்.

தக்காளிக்கு நல்ல விலை கிடைத்த நாள் போலிருந்தது. காலிப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து, துண்டைத் தலையில் சுற்றி, அப்பா வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார். நேற்றிலிருந்து வராத அழுகை அன்பரசிக்கு அப்போதுதான் வந்தது. உடனே அதை ஃப்ளெக்ஸ் கடைக்கு அனுப்பினாள். செய்த தப்பில் பாதியையாவது சரிசெய்துவிட்டது போல மனசு கொஞ்சம் லேசானது.

இரண்டே நிமிஷம். கடைக்காரர் கூப்பிட்டார்.

"படம் சூப்பருங்க மேடம். பல்லு மட்டும் கறையாத் தெரியுது. பெருசாப் போட்டா எடுத்துக் காட்டும். வெள்ளை பண்ணிடட்டுங்களா?"

மாமியார் வீட்டு ஆட்கள் வருவார்கள். பேங்க் மேனேஜர் வருவார். அவள் அவர்களை நினைக்கவில்லை, அவர்களாகவே வந்து முன்னால் நின்றார்கள்.

"பண்ணிடுங்க" என்றாள்.

போனை வைத்தபிறகுதான் உறைத்தது. திரும்பக் கூப்பிட்டாள். பிஸியாக இருந்தது. இன்னொரு முறை கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

இரண்டு மணிக்குத் தம்பி அறிவழகன் பைக்கில் ஃப்ளெக்ஸைக் கொண்டுவந்து பந்தலுக்கு எதிரே கட்டினான். ஆள் உயரப் படம். "சினிமாக்காரராட்டம் இருக்காருப்பா" என்று பாராட்டினார்கள். ராஜப்பன் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, தன் போனை எடுத்துப் பார்த்துவிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.

ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் அம்மா குள்ளம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஒப்பாரி நடுவில் நிமிர்ந்தவள் பாட்டை நிறுத்திவிட்டு ஃப்ளெக்ஸையே பார்த்தாள்.

"அன்பு, இது யாரு பல்லுடி?"



அம்மா இன்னும் கொஞ்சம் பார்த்தாள். "உன்னுதாட்டம் இருக்குது" என்றாள். குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அடுத்த வீட்டுக் கிண்ணம் தன் அடுக்களையில் கிடந்தால் அடையாளம் சொல்லுவாளே, அப்படித்தான் சொன்னாள். அன்பரசிக்கு அப்படியே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

நாலு மணிக்குக் குளிப்பாட்டிப் பாடையில் கிடத்தினார்கள். வாய்க்கரிசி போடவேண்டும். நேற்றிலிருந்து தலையைச் சுற்றித் தாடையை இறுக்கிக் கட்டியிருந்த வெள்ளைத் துணியை மாது சித்தப்பா அவிழ்த்து, பக்கத்தில் நின்ற அன்பரசியிடம், "இதைப் புடி பாப்பா, திரும்பக் கட்டணும்" என்று கொடுத்தார்.

பெண்கள் சுற்றிவந்து போட்டார்கள். அப்பாவின் உதடுகள் இறுகியே இருந்தன. அரிசி உதட்டில் பட்டுக் கன்னத்தில் வழிந்தது. அன்பரசியின் முறை வந்தபோது ஓசூர் சொந்தக்காரர் ஒருவர் வீடியோ எடுக்கப் போனை உயர்த்திக்கொண்டு கிட்டே வந்தார். அவள் இடது கை துணியோடு எழுந்து அப்பாவின் வாயை மறைத்தது.

அந்தக் கையை அவளே பார்த்தாள். இறந்துபோனவரின் வாயையும் மூடுகிற கை.

மெதுவாகக் கையை எடுத்தாள். குனிந்து, வலது கையின் இரண்டு விரலால் அப்பாவின் உதடுகளை விலக்கினாள். ஜில்லென்று இருந்தன. புளியங்கொட்டை நிறத்தில், ஓரம் அரித்த பற்கள். அரிசியை அவற்றின் மேல் வைத்தாள். போன் இன்னும் கிட்டே வந்தது. அவள் நகரவில்லை.

"இப்பத்தான் உங்கப்பனாட்டம் இருக்குறாரு" என்றாள் பின்னால் நின்ற அம்மா.

மாது சித்தப்பா கையை நீட்டினார். "துணியைக் குடு பாப்பா, கட்டிறலாம்."

"வேணாம் சித்தப்பா. அப்படியே இருக்கட்டும்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு பாடையின் முனைக்குப் போனார்.

தெருமுனையோடு பெண்கள் நின்றுவிட்டார்கள். மேளச்சத்தம் ஏரிப் பக்கம் திரும்பித் தேய்ந்தது. வீடு கழுவத் தண்ணீர் எடுத்து வரச்சொல்லி யாரோ அன்பரசியைக் கூப்பிட்டார்கள். அவள் கையில் அந்தத் துணி இருந்தது. அதை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.