முழக் கம்பி

பெட்டியில் கையை வைத்தால் இரைச்சல் அடங்கியது. எடுத்தால் திரும்பவும் வந்தது. மைக்கையும் மடிக்கணினியையும் இணைக்கிற அந்தச் சின்னத் தகரப் பெட்டியில் தூசி துடைக்கப் போய்த்தான் இதைக் கண்டுபிடித்தேன். இரண்டு ஸ்பீக்கர்களிலும் காலையிலிருந்து குளவிக்கூட்டைக் கலைத்துவிட்டது போல இரைந்துகொண்டிருந்த சத்தம், என் உள்ளங்கை பட்டதும் பதுங்கிக்கொண்டது. கதிரையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்த என் கணவர் நிரஞ்சன் நிமிர்ந்தார்.

"என்ன செய்தனீர்?"

"ஒண்டும் செய்யேல்லை. துடைச்சனான்."

"இன்னொருக்கால் தொடும்."

தொட்டேன். அடங்கியது.

"அப்ப நான் இப்பிடியே பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். நீங்கள் வேலையை முடியுங்கோ" என்றேன். பகிடிக்குத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "இந்த வீட்டில ஏர்த் சரியில்லை, கௌசலா. கரண்ட் மண்ணுக்குள்ள இறங்கேல்லை" என்றார். வயர் மாற்றி, பிளக் மாற்றி, பிரிட்ஜை நிறுத்தி அதற்குள் இருந்த மீனைப் பழுதாக்கி, இப்போதுதான் இந்த முடிவுக்கு வந்து சேர்ந்திருந்தார்.

நெல் மூட்டை அடுக்குகிற அறைக்குச் சுற்றிவர மெத்தையும் சாக்கும் அடித்து இவர் ஒலிப்பதிவு அறை செய்தபோது விசுவமடுவில் பாதிப் பேர் வந்து எட்டிப் பார்த்தார்கள். போன வருடம் அம்மன் கோயில் பொங்கலுக்கு நான் பாடி இவர் பதிந்த பாட்டுத்தான் முதல் வேலை. அப்போதும் இருந்த இந்த இரைச்சலுக்குள் உடுக்கின் அடிச்சத்தம் இவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. கேட்கவில்லையே என்று அதன் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போய்விட்டார். கோயில் ஒலிபெருக்கியில் போட்டபோது உடுக்கு ஊரையே உலுக்கியது, என் குரலைத் தேடவேண்டியிருந்தது. "பிள்ளை பாடினதோ, உடுக்குப் பாடினதோ?" என்று கோயில் தலைவர் வீரபாகு எல்லாருக்கும் முன்னால் கேட்டார். பிறகு ஒருவரும் எங்களிடம் பாட்டுப் பதிய வரவில்லை. இந்த வருடமும் அவர் எங்களிடமே தந்தது பெரிய மனது. வெள்ளிக்கிழமை பாட்டைக் கொடுக்கவேண்டும். இதுவும் பிழைத்தால் இவர் கத்தாருக்குப் போவார். என் தம்பி அங்கே இடம் பார்த்து வைத்திருக்கிறான், இவரும் ஓம் என்று சொல்லிவிட்டார்.

பழனியாண்டி அண்ணையைக் கூப்பிட்டோம். சண்டை முடிந்து மீள்குடியேறி வந்த காலத்தில் எங்கள் வரிசை வீடுகள் முழுவதற்கும் கரண்ட் வேலை செய்தவர் அவர்தான். வீட்டின் பின்சுவரோடு நட்டிருந்த ஏர்த் கம்பியைப் பிடித்து அவர் இழுத்தார். மரவள்ளிக் கிழங்கு மாதிரி அது கையோடு வந்தது. ஒரு முழம்கூட முழுதாக இல்லை.

"என்ன அண்ணை இது?" என்றார் இவர்.

பழனியாண்டி அண்ணை மண்ணைத் தட்டினார். "அந்த நேரம் ஆர் தம்பி ஆழமா அடிச்சது? கம்பி ஆளுயரத்துக்கு இறங்கவேணும். கண்ணிவெடி எடுத்த ஆக்கள் மேல்மண்ணுக்குத்தான் பிரச்சினை இல்லையெண்டு சொன்னவை. நான் பிள்ளைகுட்டிக்காரன். முழம் முழமா வெட்டி எல்லா வீட்டுக்கும் நட்டுவிட்டனான். லைற் எரிஞ்சது, ஒருத்தரும் கேக்கேல்லை."

அவரைத் திட்டவேண்டும் போல இருந்தது. ஆனால் எந்த வாயால் திட்டுவது? நானும் முற்றத்தில் கத்தரியை உரப்பையில்தான் வைத்திருக்கிறேன். மண்வெட்டி ஓரளவுக்கு மேல் இறங்கினால் என் கை தானாகவே நின்றுவிடும். எங்கள் கிணறு சண்டைக்கு முதலே வெட்டிய கிணறு. புதிதாக ஒரு கிடங்கு வெட்ட இந்த வளவில் ஒருவரும் துணியவில்லை. அதை நாங்கள் வாய்விட்டுப் பேசிக்கொண்டதும் இல்லை.

பழனியாண்டி அண்ணை புதுக் கம்பி ஒன்றைக் கொண்டுவந்து, அதன் தலைக்குச் சற்றுக் கீழே வயரை இறுக்கிக் கட்டிக் கொடுத்தார். "அடிக்க மட்டும் என்னைக் கேக்காதேங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"கண்ணிவெடி எடுக்கிற ஒபிசுக்கு அறிவிப்பம். வந்து பாக்கட்டும்" என்றேன்.

"வந்தால் நாடா கட்டுவினம். வளவுக்குள்ள கால் வைக்க விடமாட்டினம். பிறகு எங்க இருந்து பாட்டுக் குடுக்கிறது?"

எனக்குப் பயமாக இருந்தது. நிலத்துக்குள் இருப்பது ஒரு பயம், கத்தார் மற்றப் பயம். எது பெரிது என்று நினைத்துப் பார்த்தேன். கத்தார்தான் பெரிது என்று பட்டது. அதற்காக என்மீதே எனக்குக் கோபம் வந்தது. வந்தும் என்ன, நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மகள் யதுர்ஷிகாவைப் பக்கத்து வளவு இராசமலர் அக்காவிடம் அனுப்பினோம். அவள் எதற்கென்று கேட்டாள். கூப்பிட்ட பிறகு வா என்றேன்.

"நீர் உள்ளுக்குப் போய் நில்லும். சத்தம் குறையுதோ எண்டு கேட்டுச் சொல்லும்" என்றார் இவர். சத்தம் கேட்க மட்டும் அனுப்பவில்லை, என்னைச் சுவருக்கு அந்தப் பக்கம் அனுப்புகிறார் என்று தெரிந்தது. போனேன்.

முதல் அடி விழுந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். ஸ்பீக்கர்கள் அதே மாதிரி இரைந்தன. அடுத்த அடி. மண்ணுக்குள் போகிற அடி மந்தமாக, நெல் மூட்டையை நிலத்தில் போட்டது போலக் கேட்டது. கொஞ்சம் அடித்தார், நிறுத்தினார், பிறகும் அடித்தார். இரைச்சல் மெல்லக் குறைந்துகொண்டு வந்தது. என்னை அறியாமல் வாய் அம்மாளாச்சியைக் கூப்பிட்டது.

அப்போது ஓர் அடி வேறு மாதிரி விழுந்தது. ணங் என்றது. அதன் அதிர்வு கம்பியில் கொஞ்ச நேரம் நின்றது.

அடி நின்றது. இரைச்சலும் நின்றது. கரண்ட் போய்விட்டதோ என்று பார்த்தேன். இல்லை, ஸ்பீக்கரின் பச்சை வெளிச்சம் அப்படியே இருந்தது. இந்த அறை இவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதே இல்லை. இதற்காகத்தான் இத்தனை நாளும் பாடுபட்டோம். ஆனால் கல்லில் பட்ட கம்பி அப்படி ஒலிக்காது. கல்லில் பட்டால் இரைச்சல் இப்படி ஒரேயடியாக நிற்கவும் நிற்காது. கீழே இருப்பது இரும்பு.

"கௌசலா." வெளியே இருந்து வந்த குரல் மிக மெல்லியதாக இருந்தது. அவரும் கேட்டிருக்கிறார். "நிண்டிட்டுதோ?"

இல்லை என்றால் இன்னும் ஒரு அடி அடிப்பார். ஓம் என்றால் அது இருக்கிற இடத்திலேயே இருக்கும். நாங்கள் பாட்டுப் பதிவோம்.

"நிண்டிட்டுது" என்றேன். "இனி அடிக்காதேங்கோ."

யன்னல் சாக்கை விலக்கிப் பார்த்தேன். கம்பி இடுப்பளவுக்கு வெளியே நின்றது. அவர் மெதுவாகக் குந்தி, நித்திரையான பிள்ளையைக் கிடத்துவது போலச் சுத்தியலை மண்ணில் வைத்தார். வேலிக்கு அந்தப் பக்கம் யதுர்ஷிகாவின் தலை தெரிந்தது.

"அப்பா, இனி வரட்டோ?"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமலே, ஓர் உள்ளங்கையை மட்டும் அவளைத் தடுப்பது போல விரித்துப் பிடித்தார்.