செயலாளர் வீட்டுக் கதவு

சொன்னதைச் செய்யாத பெற்றோரைக்கூட நான் மன்னித்துவிடுவேன். சொன்னதற்கு மேலே ஒரு படி போய்ச் செய்துவிட்டு, முதுகில் தட்டிக்கொடுக்க ஆள் தேடுகிறார்களே, அவர்களைத்தான் எனக்கு ஆகவே ஆகாது. செயலாளர் அந்த ரகம்.

பகலில் ஏதோ கம்பெனியில் கணக்குப் பார்க்கிறார். அதெல்லாம் சும்மா. மனிதருடைய உயிர் அவர் குடியிருக்கிற அடுக்குமாடிச் சங்கத்தில் இருக்கிறது. லிஃப்டில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ் எல்லாம் அவர் கைவரிசை. குப்பையைக் கட்டிப் போடவும். பொத்தானை இருமுறை அமுக்க வேண்டாம். ஒவ்வொன்றின் கீழும் ‘இப்படிக்கு, செயலாளர்’. இந்த வருடம் தலைவர் பதவிக்கு நிற்கிறார். நாட்டையே தூக்கிக் கையில் கொடுக்கப்போகிற மாதிரி ஒரு நடை.

நான் இளையோர் மனநல மையத்தில் கேஸ் மேனேஜர். பிள்ளைகளைப் பார்க்க டாக்டர் இருக்கிறார், கவுன்சலிங் செய்ய ஆள் இருக்கிறது. பிள்ளைகளைப் பெற்றதுகளைப் பார்க்க நான். வீடு வீடாகப் போய், சோபாவின் நுனியில் உட்கார்ந்து, பெரியவர்களுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுக்கிற வேலை. சம்பளம் வாங்குவது பொறுமைக்கு. அந்தப் பொறுமை என்னிடம் எப்போதோ தீர்ந்துவிட்டது. சம்பளம் மட்டும் வந்துகொண்டிருக்கிறது.

செயலாளரின் மகளுக்குப் பதினாறு வயது. தற்கொலைக்கு முயன்று, பிழைத்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பெண். வந்த அன்று அப்பாவையும் அம்மாவையும் உட்காரவைத்துச் சொன்னேன். மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள். அவள் அறையிலும் பாத்ரூமிலும் கொஞ்ச நாளைக்கு உள்தாழ்ப்பாள் வேண்டாம். உள்ளே போகும்போது கதவைத் தட்டிவிட்டுப் போங்கள். இவ்வளவுதான் சொன்னேன். ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும்.

இரண்டு வாரம் கழித்துப் போனால், அறைக்குக் கதவே இல்லை.

ஹாலில் நுழைந்ததும் நேரெதிரே அவள் அறை. கதவு இருந்த இடத்தில் வெறும் நிலை மட்டும் நின்றது. உள்ளே கட்டில், கட்டிலில் சுவரைப் பார்த்தபடி, தலையோடு போர்த்திக்கொண்டு ஒரு உருவம். கதவு பால்கனியில் சாய்ந்து கிடந்தது. அதன்மேல் துண்டு காயப்போட்டிருந்தார்கள்.

“எப்படி மேடம்?” என்றார் செயலாளர், கல்யாண மண்டபத்தைச் சுற்றிக்காட்டுகிற மாதிரி. “நீங்க தாழ்ப்பாள் வேணாம்னு சொன்னீங்க. நான் கதவையே கழட்டிட்டேன்!”

“நான் சொன்னது தாழ்ப்பாள் சார். கதவு இல்ல.”

“எல்லாம் ஒரு பாதுகாப்புக்குத்தானே மேடம்? பாருங்க, இங்க உக்காந்து டிவி பாத்துக்கிட்டே பாப்பாவையும் பாத்துக்கலாம். ஒரே கல்லுல ரெண்டு மாங்கா.”

பதினாறு வயதுப் பெண் பாப்பாவாம். அந்த மனிதரோடு மேற்கொண்டு பேசுவது தண்டம் என்று அங்கேயே முடிவு செய்தேன். அவர் மனைவி சமையலறை வாசலில் நின்று புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள். “அவங்க ஒண்ணு முடிவு பண்ணிட்டாங்கன்னா அவ்ளோதான் மேடம்,” என்று முணுமுணுத்தாள். நல்ல ஜோடி. ஒருத்தர் மூளையை அடகு வைத்துவிட்டார், இன்னொருத்தி வாயை.

அறைக்குள் போய்க் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

“எல்லாரும் பாக்கறாங்கக்கா.”

“யாரும்மா?”

“எல்லாரும்தான். பேப்பர் போடறவர், சிலிண்டர் கொண்டு வர்றவர், சித்தப்பா, சித்தி. வர்றவங்க எல்லாம் ஹால்ல நின்னு, ‘என்னம்மா, பரவால்லயா?’ன்னு கேக்கறாங்க. டிரெஸ் மாத்தறதுக்கு பீரோ கதவைத் திறந்து அது பின்னாடி நின்னுக்கறேன்.” போர்வையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். “ரெண்டு தடவை கவுன்சலிங்குக்கு ஏன் வரலன்னு கேக்கத்தானே வந்தீங்க? கதவு வந்தா வர்றேன். இல்லன்னா வர மாட்டேன்.”

இதுதான் பெரிய சிக்கல். எங்கள் மையத்தில் மூன்று முறை வராவிட்டால் பெயரை எடுத்துவிட்டு வரிசையில் அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவார்கள். மறுபடி இடம் கிடைக்க மாதக்கணக்காகும். மாதக்கணக்கில் இந்தப் பெண் அந்தக் கட்டிலில், அந்த ஹாலுக்கு எதிரே, சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மூன்றாவது முறை வருகிற திங்கட்கிழமை.

மேலாளரிடம் போய் நின்றேன். எங்கள் மேலாளர் அம்மாள் வருடத்துக்கு நாலு பயிற்சிக்குப் போய், போன இடத்திலிருந்து ஒவ்வொரு வாக்கியம் வாங்கி வருவார். அந்த மாதத்து வாக்கியம்: “குடும்பத்தோட பலம் என்னன்னு பாருங்க. அதை வெச்சு வேலை செய்யுங்க.”

“அந்தாளுக்கு இருக்கற ஒரே பலம் வறட்டு கௌரவம்.”

“அப்ப அதை வெச்சே பண்ணுங்க,” என்றார், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வேடிக்கைக்குச் சொன்னாரோ, தப்பித்துக்கொள்ளச் சொன்னாரோ. எனக்குப் பளிச்சென்று ஒன்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம் செயலாளர் வீட்டில். தேர்தலுக்கு முந்தின கூட்டம், சங்கத்து அறையில் பெயின்ட் அடிக்கிறார்கள் என்று அவரே பீற்றிக்கொண்டிருந்தார். அன்று மாலையே போனேன்.

“ஞாயித்துக்கிழமை எத்தனை பேர் சார் வர்றாங்க?”

“கமிட்டி முழுக்க மேடம். வீட்டம்மாக்களும் வருவாங்க.”

“வர்றவங்க கண்ணுல முதல்ல படறது அந்த ரூம்தான். ஏன் கதவு இல்லன்னு கேட்டா என்ன சொல்வீங்க?”

முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது.

“பாப்பாவுக்கு என்னன்னு சொல்லி வெச்சிருக்கீங்க அவங்ககிட்ட?”

“மஞ்சள் காமாலைன்னு...”

“மஞ்சள் காமாலைக்கு யாராவது கதவைக் கழட்டுவாங்களா சார்?”

அடேயப்பா, அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஒரே நிமிடத்தில் பத்து வயது கூடிவிட்டது. “தச்சரைக் கூப்பிடறேன்” என்று போனை எடுத்தார். லிஃப்டில் இறங்கும்போது அவருடைய நோட்டீஸ்களைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தேன். இவர்களையெல்லாம் சமாளிக்க அறிவே தேவையில்லை, எங்கே அரிக்கிறது என்று தெரிந்தால் போதும்.

ஞாயிறு காலை அம்மாக்காரியிடமிருந்து செய்தி வந்தது. ‘கதவு மாட்டியாச்சு மேடம்.’ கூடவே இரண்டு கும்பிடு. எனக்கு லீவு நாள்தான். இருந்தாலும் கால் நிற்கவில்லை. மறுநாள் வருகிறாயா என்று பெண்ணின் வாயாலேயே கேட்டுவிட வேண்டும். உள்ளதைச் சொல்வதென்றால், என் வெற்றியைக் கண்ணாலும் பார்க்க வேண்டும். கூட்டம் முடிந்திருக்கும் என்று கணக்குப் போட்டு மத்தியானம் போனேன்.

முடிந்திருக்கவில்லை. ஹால் நிறைய ஆட்கள், மடியில் காகிதத் தட்டு, தட்டில் பிஸ்கட். யாருடைய கார் யாருடைய கோட்டைத் தாண்டி நிற்கிறது என்பதைப் பற்றி, உயிர் போகிற பிரச்சினை மாதிரி ஒரு வழுக்கைத்தலைக்காரர் கத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் செயலாளருக்கு வியர்த்துவிட்டது.

“வாங்க டீச்சர்! இவங்க பாப்பாவுக்கு டியூஷன் எடுக்கறாங்க,” என்றார் எல்லோரிடமும்.

சரி, தொலையட்டும் என்று ஒரு ஓரமாக உட்கார்ந்தேன். அதற்குப் பிறகுதான் கதவைப் பார்த்தேன். துடைத்து, எண்ணெய் போட்டு, நன்றாகத்தான் மாட்டியிருந்தார்கள். அதில் புத்தம்புதுத் தாழ்ப்பாள் ஒன்று மின்னியது. வெளிப்பக்கம். தாழ்ப்பாள் போட்டிருந்தது.

உள்ளேயிருந்து மெதுவாகத் தட்டுகிற சத்தம் கேட்டது. செயலாளர் குரலை உயர்த்தி, “பார்க்கிங்கைப் பொறுத்தவரைக்கும் என்னோட நிலைப்பாடு என்னன்னா...” என்றார். மறுபடி தட்டியது.

“உள்ள யாரு?” என்றாள் பிஸ்கட் தின்றுகொண்டிருந்த அம்மாள் ஒருத்தி.

“காத்துக்கு ஆடுதுங்க.”

எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் தள்ளினேன். புதிது என்பதால் இறுக்கமாக இருந்தது, கட்டைவிரல் சிராய்த்துவிட்டது. பெண் கதவை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். முகம் வெளிறியிருந்தது. பிஸ்கட் தட்டுகளுக்கும் முழங்கால்களுக்கும் நடுவே ஒடுங்கி நடந்து, ஹாலைத் தாண்டிப் பாத்ரூமுக்குள் போனாள். கூட்டம் தொடங்கியதிலிருந்து அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

“யோவ்!” என்றேன். அப்படித்தான் வந்தது வாயில். “இதை இப்பவே கழட்டு. நான் நின்னு பாத்துட்டுத்தான் போவேன்.”

“மேடம், கூட்டம் முடிஞ்சதும்...”

“இப்பவே. இல்லன்னா இது எதுக்குன்னு இவங்ககிட்ட நானே கேப்பேன்.”

மனைவி ஸ்க்ரூடிரைவரை எடுத்து வந்து அவர் கையில் வைத்தாள். வருங்காலத் தலைவர் தன் வாக்காளர்கள் முன்னால் மண்டியிட்டு ஸ்க்ரூவைத் திருகினார். ஒரு ஸ்க்ரூ உருண்டு வழுக்கைத்தலைக்காரரின் நாற்காலிக்கடியில் போனது. அதைத் தவழ்ந்து போய் எடுத்தார். பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அது அல்வா சாப்பிடுகிற மாதிரி இருந்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்று ரசித்தேன்.

பெண் திரும்பி வந்தாள். தரையில் அப்பா, அவர் கையில் தாழ்ப்பாள், பக்கத்தில் நான். மூவரையும் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள், தாழ்ந்த குரலில், தெளிவாக.

“கதவை மாட்டச் சொல்லி என்னக்கா சொன்னீங்க இவர்கிட்ட?”

“வர்றவங்க பாத்தா கேப்பாங்கன்னு சொன்னேன்மா. அப்படிச் சொன்னாத்தான் இவருக்கு உறைக்கும்னு...”

“எனக்கு வேணும்னு சொல்லலையா?”

“சொன்னா கேக்க மாட்டாரும்மா.”

“சொல்லிப் பாத்தீங்களா?”

இல்லை. முதல் நாளும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. அந்த மனிதரின் மூஞ்சியைப் பார்த்தே முடிவு கட்டிவிட்டேன். பீரோ கதவுக்குப் பின்னால் நின்று உன் மகள் துணி மாற்றுகிறாள் என்று ஒரு வரி அவரிடம் சொல்ல எனக்கு நாக்கு வளையவில்லை. அவருக்குத் தோதாக மானத்தைத்தான் எடுத்துக் கொடுத்தேன். மானத்தைக் காப்பாற்ற அவருக்குத் தெரிந்தது இந்தத் தாழ்ப்பாள்.

“இல்லம்மா,” என்றேன்.

அவள் அப்பாவைப் பார்த்த அதே பார்வையை என்மேலும் ஒரு தடவை ஓட்டினாள். நான் ஊரையெல்லாம் பார்க்கிற பார்வைதான் அது. என்மேல் விழுந்து பார்த்ததில்லை.

“நாளைக்குக் கவுன்சலிங்குக்கு வர்றேன். அம்மாகூட வர்றேன்,” என்றாள். “நீங்க இனிமே வீட்டுக்கு வராதீங்கக்கா.”

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அறைந்து சாத்தவில்லை, மெதுவாகத்தான் சாத்தினாள். செயலாளர் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். கார் பார்க்கிங்கை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

பிஸ்கட் அம்மாள்தான் முதலில் வாய் திறந்தாள். “இந்தக் காலத்துப் பிள்ளைங்களைப் பாருங்களேன். டீச்சர்கிட்ட பேசற பேச்சா இது?”

“சரியாத்தாங்க பேசினா,” என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினேன்.